மூன்று மணி நேரத் தண்ணீர்

மதகுச் சக்கரத்துக்கு மொத்தம் நாற்பத்திரண்டு சுற்று. நொல்பெர்த்தோ இபாகாச்சே அதை வாய்விட்டு எண்ணி வெகுகாலம் ஆகிறது. இப்போது கையே எண்ணிக்கொள்ளும். அக்டோபர் முதல் ஞாயிறு காலை பதினொரு மணிக்குக் கடைசிச் சுற்றைத் திருப்பினார். இரும்புப் பலகை முழுக்க மேலேறியது. இரண்டு வருஷமாகக் காய்ந்து கிடந்த ஊர் வாய்க்காலுக்குள் தண்ணீர் இறங்கியது. முதலில் அது தண்ணீராகவே தெரியவில்லை. சருகும் பிளாஸ்டிக் பையும் செத்த பல்லியும் தாமாகவே நகர ஆரம்பித்ததுபோல் இருந்தது. அவற்றுக்குப் பின்னால்தான் தண்ணீர் வந்தது.

இடுப்பு ரேடியோ கரகரத்தது.

"நொல்பெர்த்தோ, திறந்தாச்சா?"

"திறந்தாச்சு, டோன் ஹோவாக்கின்."

"ரெண்டு மணிக்கு மூடிரணும். மேல தோட்டத்துக்கு ரெண்டரைக்குப் பம்பு போடணும், மறந்துறாதீங்க."

"மறக்க மாட்டேன்."

ஹோவாக்கின் எச்சசர்ரேத்தா, கம்பெனியின் மேலாளர்; டோன் என்பது மரியாதைக்குச் சேர்ப்பது. பெதோர்க்கா பள்ளத்தாக்கில் வேறெங்கும் பச்சை கிடையாது; கம்பெனியின் வெண்ணெய்ப்பழத் தோட்டம் மட்டும் மலைச்சரிவில் உச்சிவரை ஏறி நிற்கிறது. நொல்பெர்த்தோ அங்கே தண்ணீர் ஆள். எந்த மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பது அவர் வேலை. கீழே எல் மாய்த்தென் ஊருக்கு வாரம் இரண்டு முறை லாரியில் தண்ணீர் வரும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐம்பது லிட்டர்.

அன்று ஜெபமாலை மாதா திருவிழா. மாதாவின் சொரூபத்தை வாய்க்கால் கரைக்குத் தூக்கிவந்து பாதத்தைத் தண்ணீரில் நனைப்பது ஊரின் பழைய முறை. போன இரண்டு வருஷமும் பாட்டில் தண்ணீரை ஊற்றிச் சமாளித்தார்கள். இந்த வருஷம் கம்பெனி மூன்று மணி நேரம் வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுவதாகச் சொல்லியிருந்தது. மதகுக்குக் கீழே இரண்டு கம்பங்களுக்கு நடுவில் ஒரு துணி கட்டியிருந்தார்கள்: "மாதாவுக்கு எங்கள் தண்ணீர் காணிக்கை." கீழே கம்பெனியின் முத்திரை.

நொல்பெர்த்தோ தொப்பியைக் கழற்றி உள்ளே இருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது.

அந்தக் காகிதம் வந்த கதை இது. எல் மாய்த்தெனில் மாதாவுக்கு முன்னால் குழல் ஊதி ஆடும் குழுவில் இருபத்திரண்டு பேர். அவர்கள் பேசமாட்டார்கள், மூச்சு இருக்கும்வரை ஊதுவார்கள், குதிப்பார்கள். குழுவுக்காகப் பேசுவது கொடி பிடிக்கும் ஒருவர். அல்ஃபேரெஸ் என்று பெயர். அவர் மாதாவைப் பார்த்து நாலு வரி பாடுவார். கடைசி இரண்டு வரியை இருபத்திரண்டு பேரும் வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அவர் எதைப் பாடினாலும் அப்படியே. பாட்டு அந்த இடத்தில் அந்த நேரத்தில் கட்டப்பட வேண்டும். எழுதிவைத்துப் பாடுவது கேவலம். மாதாவுக்கு முன்னால் பொய் பாடினவனுக்கு மறுவருஷம் தொண்டை இருக்காது என்பார்கள். நொல்பெர்த்தோ முப்பத்தோரு வருஷமாக எல் மாய்த்தெனின் அல்ஃபேரெஸ். தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

வியாழக்கிழமை டோன் ஹோவாக்கின் பம்பு அறைக்கே வந்தார். நல்ல மனிதர். வேலையாட்களின் பிள்ளைகள் பெயர் அவருக்குத் தெரியும்.

"முதலாளியே சாந்தியாகோவிலிருந்து வர்றார். கம்பெனிக் கிணத்துல இருந்து ஊருக்குக் குழாய் போடப்போறோம். வீட்டுக்கு வீடு. திருவிழாவுல வச்சு அறிவிக்கிறதா திட்டம்."

"நல்ல சேதி, டோன்."

"அவருக்கு இந்தப் பாட்டெல்லாம் ரொம்பப் பிடிக்கும். நாலு வரி, எட்டு வரி, நன்றியா ஏதாவது. நான் சொல்லிக் குடுக்கல, நீங்களே கட்டுங்க. உங்களுக்கா தெரியாது?"

"மாதாவுக்குப் பாடுறது, டோன். மனுஷருக்குப் பாடுற வழக்கம் இல்ல."

"மாதாகிட்டயே நன்றி சொல்லுங்களேன். இப்படி ஒரு நல்ல மனுஷனை அனுப்பினதுக்கு." சிரித்தார். "கட்டாயம் இல்ல. உங்க இஷ்டம்."

அவர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் தண்ணீர்ப் பங்கை விலைக்குக் கேட்டு வந்தவரும் அதையேதான் சொன்னார். மூன்று வருஷம் மழை பெய்யாத காலம். நிலத்தை வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் தனியாக விற்கலாம் என்று இராணுவ ஆட்சி எழுதிய சட்டம் இருந்தது. மாட்டை வைத்துக்கொண்டு அதன் மூச்சை மட்டும் விற்பதுபோல என்று ஊரில் கேலி பேசினார்கள். வந்தவர் காப்பி வாங்கிக் கொடுத்தார், நல்ல விலை சொன்னார், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். நொல்பெர்த்தோவின் மரங்கள் அப்போது வேரோடு காய்ந்துகொண்டிருந்தன. ஓடாத வாய்க்காலில் பங்கு வைத்திருந்து என்ன செய்வது என்று நினைத்தார். கையெழுத்துப் போட்டார். ஊரில் முதல் கையெழுத்து அது. இரண்டு மாதத்துக்குள் இன்னும் பதினான்கு பேர் போட்டார்கள். அல்ஃபேரெஸ் வரி எடுத்தால் மற்றவர்கள் திருப்பிப் பாடுவதுதானே வழக்கம். பிறகு மழை வந்தது. வாய்க்காலில் தண்ணீரும் வந்தது. அது வேறொருவருடையதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். பங்குச் சாமியார் ரொத்ரீகோவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். குருமடத்துக்குப் போகுமுன் பொருளாதாரம் படித்தவர். கோயிலின் புதுத் தகரக்கூரை கம்பெனி போட்டுத் தந்தது.

"தண்ணிய வித்தேன் சாமி."

"இதைப் போன வருஷமும் சொன்னீங்க."

"அதுக்கு முந்தின வருஷமும் சொன்னேன்."

"யாரையும் ஏமாத்தினீங்களா?"

"இல்ல."

"உங்களை யாராவது ஏமாத்தினாங்களா? மிரட்டினாங்களா?"

"இல்ல."

"அப்போ பாவம் எங்க இருக்கு, டோன் நொல்பெர்த்தோ? ஒருத்தர் விக்க விரும்பினார், ஒருத்தர் வாங்க விரும்பினார். மனுஷனுக்குச் சுதந்திரம் குடுத்தது கடவுள். அந்தத் தண்ணி வீணாப் போகல. அதுல நானூறு பேருக்கு வேலை, உங்களுக்கும் வேலை. தாலந்தைப் புதைச்சு வைக்காம பெருக்கினவனைத்தான் ஆண்டவர் பாராட்டினார்."

வேதத்தை நொல்பெர்த்தோ புத்தகத்தில் படித்ததைவிடப் பாட்டில் கற்றதுதான் அதிகம். பாட்டில் கற்றது மறப்பதில்லை.

"நாபோத் கதை சாமி. பக்கத்துல இருந்த திராட்சைத் தோட்டத்தை ஆகாப் ராசா கேட்டான். நல்ல விலைதான் சொன்னான். இதைவிட நல்ல தோட்டம் தாரேன்னும் சொன்னான். அவனைக் கல்லெறிஞ்சு கொன்னதெல்லாம் அப்புறம். அப்போ யாரும் கல்லெடுக்கல, பொய்ச்சாட்சி வைக்கல. ஆனா அப்பவே நாபோத், கடவுள் தடுக்கட்டும், தரமாட்டேன்னு சொல்லிட்டான். ஏன் சாமி?"

"ஆகாப் செஞ்ச பாவம் கொலை. விலை கேட்டது பாவமில்ல."

"விலை கேட்டதுக்குத்தானே நாபோத் பயந்தான்."

"அது அவனுக்குப் பூர்வீகச் சொத்து. அந்தக் காலத்து நியாயப்பிரமாணம் வேற. நீங்க விரும்பித்தானே வித்தீங்க?"

"தாகத்துல வித்தேன்."

"தாகம் ஒரு சூழ்நிலை. கட்டாயம் இல்ல." சொன்ன பிறகு அந்த வாக்கியம் அவருக்கே பிடிக்கவில்லை போலிருந்தது. குரலைத் தாழ்த்தினார். "பாருங்க. உங்க மனசுக்குப் பாவம்னு பட்டா மன்னிப்பு உண்டு."

"மன்னிச்சாப் போதுமா சாமி? ஏமாத்தி வாங்கினதைச் சக்கேயு நாலு மடங்கு திருப்பிக் குடுத்தான். நான் எங்க போய்த் திருப்பறது? அது மூணு கை மாறிருச்சு."

சாமியார் அபராதமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். நொல்பெர்த்தோ அதை இன்னும் சொல்லவில்லை.

வீட்டில் அவர் மனைவி ஓர்ஃபெலினா நீலப் பீப்பாயின் அடியில் கிடந்ததைக் கோப்பையால் சுரண்டிக்கொண்டிருந்தாள். முதுகு நிமிராமல் நாலு வருஷம் ஆகிறது.

"எழுதியாச்சா?"

"எழுதிப் பாடுறதா? மானம் போகும்."

"மானம் போகட்டும். குழாய் வரட்டும். குழாயைத் திறந்தாத் தண்ணி வரணும், அவ்வளவுதான் என் வேதம்."

"மாதாகிட்டப் பொய் சொல்லணும்."

"அவளும் நாசரேத்துல குடம் தூக்கினவதான். உன்னைவிட அவளுக்கு நல்லாப் புரியும்." பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "உன் பசங்க இருபத்திரண்டு பேருல பத்தொம்பது பேரு கம்பெனியிலதான் வேலை பாக்கறாங்க. நீ ஏடாகூடமா ஒரு வரி எடுத்தா அது அவங்க வாயில விழும். அதையும் நினைச்சுக்க."

அவர் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அவருடைய வாய் அவருடையதாக மட்டும் இருந்திருந்தால் என்றைக்கோ பேசியிருப்பார். சனிக்கிழமை உட்கார்ந்து எட்டு வரி எழுதினார். அவர் வாழ்க்கையில் எழுதிய முதல் பாட்டு. எதுகையெல்லாம் சரியாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்குச் சப்பரம் வாய்க்கால் கரைக்கு வந்தது. துணிக்குக் கீழே நாற்காலி போட்டு முதலாளியை உட்காரவைத்திருந்தார்கள். பக்கத்தில் டோன் ஹோவாக்கின், அந்தப் பக்கம் சாமியார். நாலு பேர் மாதாவை இறக்கி, பாதத்தைத் தண்ணீரில் வைத்தார்கள். பெண்கள் அழுதார்கள். சிலர் அழுதுகொண்டே வாளியை நிரப்பினார்கள்.

விருந்தாளிக் குழு பள்ளத்தாக்கில் இன்னும் மேலே இருந்த ஊரிலிருந்து வந்தது. அதன் அல்ஃபேரெஸ் எர்னால்தோ விசென்சியோ, எழுபது வயது, ஒற்றை நாடி உடம்பு. நொல்பெர்த்தோவின் மகளுக்கு ஞானத்தகப்பன் அவர்தான். அதனால் இருவரும் ஒருவரையொருவர் கும்பாதிரி என்றுதான் கூப்பிடுவார்கள். முறைப்படி விருந்தாளி வேதத்திலிருந்து ஒரு கதையை எடுத்துக் கேள்வியாகப் பாடுவார். வீட்டுக்காரர் அதே கதைக்குள் நின்று பதில் சொல்ல வேண்டும். முடியாவிட்டால் கொடியைத் தாழ்த்தலாம். நொல்பெர்த்தோ ஒருமுறைகூடத் தாழ்த்தியதில்லை. இந்தக் கேள்வியும் பதிலும் முடிந்த பிறகுதான் அவரவர் இஷ்டத்துக்குப் பாடலாம். காகிதம் அதற்காகக் காத்திருந்தது.

இரண்டு குழுக்களும் எதிரெதிரே ஊதிக் குதித்தன. குழல்கள் கிழிந்த குரலில் அலறின. மத்தளம் அடங்கியது. விசென்சியோ மாதாவை வணங்கினார். நிமிரும்போது அவர் கண் மேலே கட்டியிருந்த துணியில் நின்றது. அதை இரண்டு தடவை படித்தார். பிறகு பாடினார்:

"கேட்டான் ராசா தோட்டத்தை,
கேட்ட விலையும் தாரேன்னான்;
ஏட்டைப் பார்த்துச் சொல்லண்ணே,
என்ன சொன்னான் நாபோத்து?"

அவருடைய ஆட்கள் கடைசி இரண்டு வரியைத் திருப்பினார்கள். கொஞ்சம் தயங்கித்தான் திருப்பினார்கள். பதினெட்டு வருஷமாக அந்தப் பள்ளத்தாக்கில் எந்த அல்ஃபேரெஸும் எல் மாய்த்தெனுக்கு வந்து நாபோத் கதையைத் தொட்டதில்லை. யாரும் அதைப் பேசிவைத்துக்கொள்ளவில்லை. செத்த வீட்டில் செத்தவன் எப்படிச் செத்தான் என்று கேட்காதது போன்ற மரியாதை அது.

நொல்பெர்த்தோ கொடிக்கம்பை மாற்றிப் பிடித்தார். பாடமான பதில் ஒன்று இருந்தது. எந்த அல்ஃபேரெஸுக்கும் தெரிந்தது. அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

"அப்பன் பாட்டன் வச்ச நிலம்,
ஆண்டவன் தந்த பங்காச்சே;
தப்பு ராசா, தரமாட்டேன்,
தலையே போனாப் போகட்டும்!"

தன் முதுகுக்குப் பின்னால் இருபத்திரண்டு பேர் அதைத் திருப்பிப் பாடியபோதுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. "தப்பு ராசா, தரமாட்டேன்." கம்பெனியில் கிளை வெட்டுகிறவர்கள், பெட்டி அடுக்குகிறவர்கள், டிராக்டர் ஓட்டுகிறவர்கள், முதலாளியின் நாற்காலிக்குப் பத்தடி தூரத்தில் நின்று, தொண்டை கிழியப் பாடினார்கள். பாதிப் பேர் தரையைப் பார்த்துக்கொண்டு பாடினார்கள். முதலாளி புன்னகை மாறாமல் ஹோவாக்கின் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார். ஹோவாக்கின் சாமியாரைப் பார்த்தார். சாமியார் தண்ணீரைப் பார்த்தார்.

விசென்சியோ விடவில்லை.

"தலையைக் குடுத்தான் நாபோத்து,
தரவே இல்லை தோட்டத்தை;
மலையில ஏறிப் போகுதே,
மாதா தண்ணி, யார் தந்தா?"

"மலையில ஏறிப் போகுதே, மாதா தண்ணி, யார் தந்தா?" என்று அவர் ஆட்கள் கேட்டார்கள். இந்தமுறை தயக்கமில்லை.

நொல்பெர்த்தோவுக்கு முன்னால் மூன்று வழி இருந்தது. கொடியைத் தாழ்த்தலாம், குழு அவமானப்படும். கம்பெனி பறித்தது என்று பாடலாம். அது பொய், அந்தப் பொய் பத்தொன்பது பேர் வேலையையும் தின்னும். கதையை விட்டுக் காகிதத்துக்குத் தாவலாம். அது நழுவல் என்று மாதாவுக்குத் தெரியும், விசென்சியோவுக்கும் தெரியும். மாதாவின் பாதம் நனைந்து பளபளத்தது. ஓரமாக ஓர்ஃபெலினா இரண்டு கையிலும் வாளியோடு நின்று அவரையே பார்த்தாள். யார் தந்தா என்ற கேள்விக்கு ஊரில் சரியான பதில் தெரிந்தவர்களில் முதல் ஆள் அவர்தான். அதைச் சொன்னால் யார்மேலும் பழி விழாது. தன் ஒருவன்மேல்தான் விழும்.

"ராசா வந்து பறிக்கலம்மா,
ராவில் யாரும் மிரட்டலம்மா;
காசைக் கண்டு கைநீட்டி
உன்னோட தண்ணிய நான் வித்தேன்."

குழு அந்த வரியை வாங்க வேண்டும். முதலில் குழல்காரன் ஒருவன் மட்டும் எடுத்தான். அவனுடைய அப்பா இரண்டாவது கையெழுத்து. பிறகு எல்லாரும் எடுத்தார்கள்.

"காசைக் கண்டு கைநீட்டி, உன்னோட தண்ணிய நான் வித்தேன்."

தன் ஒருவன் தலையில் போட்டுக்கொள்ளத்தான் அவர் 'நான்' என்று பாடினார். அது இருபத்திரண்டு 'நான்' ஆகத் திரும்பி வரும் என்பதை முப்பத்தோரு வருஷம் பாடியவர் மறந்துபோனார். குழுவில் சிலர் அழுதார்கள். இரண்டாம் முறை திருப்பும்போது கரையில் நின்ற கிழவர்களும் சேர்ந்துகொண்டார்கள். விசென்சியோ கொடியைத் தாழ்த்தினார். கேட்டவர் தாழ்த்தினால் பதில் முழுமை என்று பொருள்.

முதலாளி கைதட்டினார்.

மற்றவர்கள் யாரும் தட்டவில்லை. அவர் எழுந்துவந்து நொல்பெர்த்தோவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நேர்மையான மனுஷன். இந்தக் காலத்துல யார் இப்படி வெளிப்படையாச் சொல்றாங்க? எங்க பாத்தாலும் கம்பெனி திருடிருச்சு, கம்பெனி திருடிருச்சுன்னு ஒரே கூச்சல். நீங்க மாதா முன்னாலயே சொல்லிட்டீங்க. யாரும் பறிக்கல, யாரும் மிரட்டல."

"என்னது இல்லாததை வித்தேன்னு பாடினேன், சென்யோர்."

"பதிவேட்டுல உங்க பேருதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"அப்புறம் என்ன!" தோளில் தட்டினார். பிறகு ஒலிபெருக்கியில் குழாய் அறிவிப்பு வந்தது. மார்ச்சுக்குள் வீட்டுக்கு வீடு. அளவுமானி வைத்து, நியாயமான கட்டணத்தில். பெண்கள் கைதட்டினார்கள். ஓர்ஃபெலினா வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினாள். ஹோவாக்கின் நொல்பெர்த்தோவின் காதருகில் வந்து, "முதல்ல கொஞ்சம் பயந்துட்டேன். ஆனா கடைசியில நீங்க கரெக்டாக் கொண்டுவந்து சேத்துட்டீங்க," என்றார். அவர் கேலி செய்யவில்லை.

யாருடைய வேலையும் போகவில்லை. குழாய் வரப்போகிறது. பொய்யும் பாடவில்லை. நொல்பெர்த்தோ தேடிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. நெஞ்சுக்குள் மட்டும் பலகை இறங்கி அடைத்ததுபோல் இருந்தது.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மதகுக்கு ஏறினார். விசென்சியோ பின்னாலேயே வந்து திட்டில் உட்கார்ந்தார்.

"கோவமா, கும்பாதிரி?"

"வேற கதை எடுத்திருக்கலாம்."

"எடுக்கத்தான் வந்தேன். நோவா கப்பலை எடுக்கலாம்னு இருந்தேன். அந்தத் துணியைப் படிச்சப்புறம் வேற ஒண்ணும் வாயில வரல."

"உங்களுக்கென்ன. உங்க ஊர்ல யாரும் விக்கல."

"விக்கல. ஏன்னு கேளுங்க. எங்க ஊத்துல கந்தக நாத்தம். ஒருத்தனும் விலை கேக்கல." விசென்சியோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நாபோத்தா இருக்கறது எனக்கு ரொம்பச் சுலபம், கும்பாதிரி."

நொல்பெர்த்தோவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே சக்கரத்தில் கை வைத்தார்.

கீழே வாய்க்கால் நெடுக ஊர் உட்கார்ந்திருந்தது. வாளி, குடம், எண்ணெய் டின், குழந்தை குளிப்பாட்டும் தொட்டி. சொல்லவேண்டிய அபராதம் ஞாபகம் வந்தது. ஒரு சுற்றுத் திருப்பினார். "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கி ஆமென் வரை முழுதாகச் சொன்னார். பிறகு அடுத்த சுற்று. மூன்று மந்திரத்தில் அபராதம் தீர்ந்துவிட்டது. நாலாவது சுற்றுக்கும் சொன்னார். விசென்சியோ புரிந்துகொண்டு பின்பாதியை எடுத்துக்கொண்டார். "அர்ச்சியசிஷ்ட மரியாயே" என்று அவர் இழுத்த இழுப்பில் ஒரு குடம் நிறையும்.

இருபதாவது சுற்றில் ரேடியோ கூப்பிட்டது.

"மூடியாச்சா, நொல்பெர்த்தோ? மணி ரெண்டே கால்."

"மூடிக்கிட்டிருக்கேன், டோன்."

முப்பதுக்குமேல் தண்ணீர் மெலிந்துவிட்டது. பெண்கள் வாளியைச் சாய்த்துப் பிடித்தார்கள். நாற்பத்தொன்றில் கோப்பையால் மொள்ளுகிற அளவுதான் ஓடியது. ஓர்ஃபெலினா கடைசியில் இருந்தாள். குனிய முடியாமல் மண்டியிட்டு மொண்டுகொண்டிருந்தாள். அவளுடைய இரண்டாவது வாளி முக்கால்தான் ஆகியிருந்தது. நொல்பெர்த்தோ மந்திரத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

"நொல்பெர்த்தோ. மேல பம்பு காத்து இழுக்குது. என்ன ஆச்சு?"

மந்திரம் முடிந்தது. நாற்பத்திரண்டாவது சுற்றில் சக்கரம் முட்டி நின்றது. ரேடியோவை எடுத்து, "மூடியாச்சு," என்றார்.